ஸ்பாஞ்சு எரியும் வேகம்

கோலாலம்பூரின் செந்தூலில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய குஷன் கடையில் எத்தனையோ ஒழுங்குகள் காலப்போக்கில் தளர்ந்துபோயின. ஸ்பாஞ்சு அடுக்கியிருக்கும் இடத்துக்குள் நெருப்பு வரக்கூடாது என்பது மட்டும் ஒருநாளும் தளர்ந்ததில்லை. சாமி படம் கடைக்குள் இருந்தாலும், வெள்ளிக்கிழமை பூசையில் கற்பூரத் தட்டு கடைமுன் நடைபாதையான அஞ்சடியைத் தாண்டி உள்ளே வராது. அப்பா வாசலில் நின்றபடியே ஆரத்தி காட்டிவிட்டு, கற்பூரம் அணைந்து தட்டு ஆறிய பிறகுதான் திருநீற்றை எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். சிகரெட் பிடிக்கும் வேலையாட்கள் கால்வாயைக் கடந்து சாலையோரத்துக்குப் போய்விட வேண்டும். மழை பெய்தாலும் அதுதான் சட்டம்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வெட்டில் கழிந்த உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றையும் ஒரு குறட்டையும் எடுத்துக்கொண்டு, மணல் வாளியை என் கையில் கொடுத்து, பின்சந்துக்கு அழைத்துப் போனார். காற்று வரும் பக்கம் பார்த்து என்னை நிற்கவைத்துவிட்டு, குறட்டால் துண்டைப் பிடித்து அதன் கீழோரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். ஸ்பாஞ்சு முதலில் நெருப்பைக் கண்டு பின்வாங்குவதுபோல் சுருங்கியது. அடுத்த கணமே மஞ்சள் சுடர் துண்டின் முழு உயரத்துக்கும் ஏறிவிட்டது. உருகிய துளிகள் எரிந்துகொண்டே மணலில் விழுந்தன, விழுந்த பிறகும் அணையாமல் எரிந்தன. கரும்புகை நூல் நூலாகப் பிரிந்து, மேல்மாடிக்காரர்கள் துணி காயப்போட்டிருந்த மூங்கில் கழிவரை போய் ஒட்டிக்கொண்டது. பத்து எண்ணி முடிப்பதற்குள் குறட்டின் நுனியில் கறுத்த பிசின் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. தொண்டையில் இறங்கிய அந்தக் காரமான வாடை அன்றிரவு சாப்பிடும்போதும் போகவில்லை.

சென்ற மாதம் பெரியப்பா பேத்தியின் திருமண விருந்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாடை மீண்டும் நினைவுக்கு வந்தது. கோலாலம்பூரில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் உள்ள மண்டபம் அது, பெயர் வேண்டாம். மேடைக்குப் பின்னாலும் இரு பக்கச் சுவர்களிலும், உத்தரத்தின் ஒரு பகுதியிலும்கூட, முட்டைத் தட்டுபோல மேடும் பள்ளமுமாக வெட்டிய சாம்பல்நிற ஸ்பாஞ்சை ஒட்டியிருந்தார்கள். எதிரே அடுக்குமாடி வீடுகள். டிஜே சத்தம் தாங்கவில்லை என்று அங்கிருப்பவர்கள் புகார் கொடுத்ததால் ஒட்டியதாக மேலாளர் பின்னர் சொன்னார். அந்த ஸ்பாஞ்சுக்கு முன்னால் பாலியெஸ்டர் துணி, பிளாஸ்டிக் பூக்கள், போலிஃபோமில் வெட்டிய மணமக்கள் பெயர்கள். அவற்றுக்கும் முன்னால், மேடையின் இரு மூலைகளிலும், பொறி பீய்ச்சும் இயந்திரம் ஒவ்வொன்று. மணமக்கள் கேக் வெட்டும்போது ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளிப் பொறிகள் எழும்பின. மண்டபம் முழுவதும் கைத்தட்டியது. நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதற்றம் மிகையானது என்று நினைப்பவர்களுக்காக, அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊரில் 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் இரவு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். அங்கே 'ஸ்டேஷன்' என்ற இரவு விடுதி இருந்தது: பழைய, மரச்சட்டகத்தால் ஆன, ஒரே தளக் கட்டடம். அக்கம்பக்கத்தார் இசையின் சத்தம் குறித்து முறையிட்டதால் விடுதிக்காரர்கள் மேடையைச் சுற்றியிருந்த சுவர்களில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு வாங்கி ஒட்டியிருந்தார்கள். அது தீயைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்க்காத, பொருள்களைப் பொதிந்து அனுப்பப் பயன்படும் வகை. அன்றிரவு 440 பேருக்கும் மேல் உள்ளே இருந்தார்கள். இரவு 11 மணி தாண்டிச் சில நிமிடங்களில் 'கிரேட் வைட்' என்ற ராக் இசைக்குழு முதல் பாடலைத் தொடங்கியதும், அதன் சுற்றுப்பயண மேலாளர் மேடையில் வைத்திருந்த நான்கு பொறிவாணங்களை இயக்கினார். அவை பதினைந்து வினாடி மட்டுமே எரியக்கூடியவை. டிரம்ஸ் வாசிப்பவர் உட்கார்ந்திருந்த மாடத்தின் இரு ஓரங்களிலும் இருந்த ஸ்பாஞ்சு அந்தப் பொறியில் பற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்தவை வினாடிக் கணக்கில் நமக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் உள்ளே இருந்தார். மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 17 அன்று, சிகாகோவில் 'ஈ2' என்ற விடுதியின் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 21 பேர் இறந்திருந்தார்கள்; அதையொட்டி இரவு விடுதிகளின் பாதுகாப்பைப் பற்றிய செய்தித் தொகுப்புக்காகவே அவர் அங்கே படம் பிடிக்கப் போயிருந்தார். தீயைக் கண்டதும் அவர் வாசலை நோக்கி நகரத் தொடங்கினார், கருவியை அணைக்காமலேயே. அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக நிஸ்ட், அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

அந்தக் கால வரிசையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஸ்பாஞ்சு பற்றிய 24ஆம் வினாடி அளவில்தான் பார்வையாளர்களில் முதல் சிலருக்கு இது ஆபத்து என்று உறைத்திருக்கிறது. அதுவரை சுவரில் ஏறிய நெருப்பும் காட்சியின் ஒரு பகுதி என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். 30ஆம் வினாடியில் இசைக்குழு வாசிப்பதை நிறுத்தியது; கூட்டம் திரும்பத் தொடங்கியது. 41ஆம் வினாடியில் அபாயமணி ஒலித்தது. 90 வினாடி ஆவதற்குள் முன்வாசலில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வழி ஏறக்குறைய முழுவதும் அடைபட்டுவிட்டது. நூறு பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கும் மேல் காயமடைந்தார்கள்.

ஸ்பாஞ்சு ஏன் இப்படி எரிகிறது என்பதை, அதைத் தினமும் கையால் வெட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு ஸ்பாஞ்சுக் கட்டியைத் தூக்கிப் பார்த்தால் அது கனமே இல்லாமல் இருப்பதற்குக் காரணம், அதன் கொள்ளளவில் பெரும்பகுதி காற்று என்பதுதான். நாம் பொருள் என்று நினைப்பது மெல்லிய இழைகளால் ஆன வலை. ஒவ்வோர் இழையைச் சுற்றிலும் எரிவதற்கு வேண்டிய காற்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மரக்கட்டை மேற்பரப்பில் பற்றி உள்ளே மெதுவாகப் போகும். ஸ்பாஞ்சில் உள்ளே வெளியே என்ற வேறுபாடே கிடையாது. அதை முட்டைத் தட்டுபோல வெட்டும்போது மேற்பரப்பு இன்னும் கூடுகிறது. செங்குத்தாகச் சுவரில் ஒட்டினாலோ, கீழே எரியும் சுடர் மேலே இருப்பதைச் சூடாக்கி வைத்துவிடுகிறது. கொசுவத்தியைப் படுக்கை வாட்டில் கொளுத்துவதற்கும், தென்னங்கீற்றைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக் கொளுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. உத்தரத்தை எட்டிய பிறகு அந்தச் சூடான புகை மேலேயே தேங்கி, ஓர் அடுப்பின் மூடிபோல அனலைக் கீழே வீசுகிறது. ஒரு கட்டத்தில் அறையில் உள்ள எல்லாமே கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. தீயணைப்பாளர்கள் அதை ஃபிளாஷோவர் என்கிறார்கள்.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தகைய விபத்துகளில் பலரைச் சுடரைவிட முன்னதாகக் கொல்வது அதுதான். பாலியூரித்தேனில் நைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகிறது. சயனைடு நல்ல அளவில் உள்ளே போனால் ஓடுவதற்குக் காலில் வலு இருக்காது. எந்தப் பக்கம் வந்தோம் என்ற நினைவும் குழம்பிவிடும். பிரேசிலின் சான்டா மரியா நகரில் 2013ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று 'கிஸ்' என்ற விடுதியில் நடந்ததும் இதே கதைதான்: மேடையில் கொளுத்திய வாணம், உத்தரத்தில் ஒட்டிய ஸ்பாஞ்சு, சயனைடு கலந்த புகை. இறந்த 242 பேரில் பெரும்பாலோர் இளைஞர்கள், பல்கலைக்கழக மாணவர்கள். வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. இருட்டில் கழிப்பறைக் கதவை வெளிவாசல் என்று நினைத்து உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே இறந்துகிடந்தார்கள். அந்த மாணவர்களின் வயதில் எனக்கு மருமகன்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இவை அபூர்வமாக எங்கோ நடந்தவை என்று சொல்லிவிடவும் முடியாது. 2004 டிசம்பர் 30 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 194 பேர். அங்கே அவசர வழிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டு பிறந்த இரவில், நமக்குப் பக்கத்திலேயே பேங்காக்கில், 'சாந்திகா' விடுதியில் 60க்கும் மேற்பட்டோர். 2015 அக்டோபர் 30 அன்று ருமேனியாவின் புக்கரெஸ்டில் 'கொலெக்டிவ்' விடுதியில் 64 பேர். அந்த ஸ்பாஞ்சும் அந்த வாணமும் மூட்டிய கோபத்தில் மக்கள் தெருவில் இறங்க, நாட்டின் பிரதமரே பதவி விலகினார். 2025 மார்ச்சில் வட மாசிடோனியாவின் கோச்சானியில் மேடைப் பொறி உத்தரத்தில் பற்றி மீண்டும் ஏறத்தாழ 60 பேர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் பொறியும், சுவரிலோ உத்தரத்திலோ எளிதில் பற்றும் பொருளும், போதாத வாசலும் மீண்டும் மீண்டும் ஒரே அறையில் சந்தித்துக்கொள்கின்றன.

வாசலைப் பற்றிய கணக்கு எளிமையானது. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவு வழியே, யாரும் தள்ளாமல் ஒழுங்காக நடந்தால், வினாடிக்கு ஒருவர் போகலாம். மிஞ்சிப்போனால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். முந்நூறு பேர் ஒரே கதவை நோக்கி வந்தால் நான்கு, ஐந்து நிமிடங்கள் வேண்டும். ஸ்பாஞ்சு எரியும் அறை ஒன்றரை நிமிடம்தான் தருகிறது. ஸ்டேஷன் விடுதியில் முன்வாசல் தவிர, பார் இருந்த பக்கம் ஒன்று, சமையலறையில் ஒன்று, மேடையருகே ஒன்று என்று வேறு கதவுகளும் இருந்தன. ஆனாலும் உள்ளே இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்வரை முன்வாசலையே நாடியதாக நிஸ்ட் கணக்கிட்டது. அதில் வியப்பில்லை. வந்த வழியே திரும்புவதுதான் மனித இயல்பு. சீட்டுக் காட்டி உள்ளே வந்த வாசலை மட்டும்தான் கால்கள் அறியும். பார்க்காத கதவு புகையில் நினைவுக்கு வராது. அந்த வாசலுக்குள் குறுகிய நடைகூடம் வேறு இருந்தது. முன்னால் போன ஒருவர் தடுக்கி விழுந்ததும் பின்னால் வந்தவர்கள் அவர்மேல் விழுந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னே நடப்பது தெரியாது.

நிஸ்ட் ஆய்வாளர்கள் அந்த மேடையையும் நடன இடத்தின் ஒரு பகுதியையும் அப்படியே முழு அளவில் கட்டி, அதே மாதிரி ஸ்பாஞ்சை ஒட்டி, இரண்டு முறை கொளுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தண்ணீர் தெளிப்பான் இல்லாமல்: 90 வினாடிக்குள் அங்கே யாரும் உயிரோடு நிற்க முடியாத வெப்பமும் நச்சும் சூழ்ந்துவிட்டன. இரண்டாம் முறை உத்தரத்தில் தெளிப்பான்களைப் பொருத்தி: அவை திறந்துகொண்டன, நெருப்பு அடங்கியது, சோதனை நடந்த ஐந்து நிமிடத்துக்கும் மேலாக அந்த இடம் மனிதர் பிழைக்கக்கூடியதாகவே இருந்தது. ஸ்டேஷன் விடுதியில் ஒரு தெளிப்பான்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு நெறிமுறை, நூறு பேருக்கு மேல் கொள்ளும் பழைய இரவு விடுதிகளிலும் தெளிப்பான் வேண்டும் என்று திருத்தப்பட்டது. இசைக்குழுவின் சுற்றுப்பயண மேலாளரும், விடுதியை நடத்திய சகோதரர்களில் ஒருவரும் சிறை சென்றார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 17 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு தரப்பட்டது. விடுதி இருந்த இடத்தில் இப்போது நினைவுப் பூங்கா இருக்கிறது.

என்னை மிகவும் வருத்தும் ஒரு செய்தி எங்கள் தொழிலைச் சேர்ந்தது. சத்தத்துக்காக ஒட்டிய அந்த ஸ்பாஞ்சு, சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போவதைத் தடுக்கவே பெரிதாக உதவாது. அறைக்குள் ஒலி பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் அது குறைக்கும். அதுவும் மேல் சுரங்களில். டிரம்ஸின் அதிர்வும் பேஸ் கித்தாரின் முழக்கமும் இரண்டங்குல ஸ்பாஞ்சைச் சட்டை செய்யாமல் கடந்து போய்விடும். வெளியே சத்தம் போகாதிருக்க வேண்டுமானால் கனமான சுவர் வேண்டும், ஜிப்சம் பலகை இரட்டை அடுக்காக வேண்டும், இடையில் எரியாத ராக்வூல் என்ற பாறைப் பஞ்சு வைத்து, கதவு இடுக்குகளை அடைக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம். ஸ்பாஞ்சு மலிவு, ஒரு பிற்பகலில் ஒட்டிவிடலாம், பார்ப்பதற்கும் ஒலிப்பதிவுக் கூடம்போல இருக்கும். எங்கள் கடையிலும் அப்படிக் கேட்டு வந்தவர்கள் உண்டு. அப்பா ஒருமுறைகூடச் சுவருக்கு ஸ்பாஞ்சு விற்றதில்லை. உட்காருவதற்கும் படுப்பதற்கும் மட்டும்தான் என்று திருப்பி அனுப்பிவிடுவார். வியாபாரத்தை விட்டுவிடுகிறாரே என்று அப்போது எனக்குக் கோபம் வரும்.

நம் மலேசியாவில் விதிகள் இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகளில், வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் பொம்பா, அதாவது தீயணைப்புத் துறை, சோதனைக்கு வரலாம், ஆபத்தை அகற்றச் சொல்லலாம். ஆயினும் 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில், இதே கோலாலம்பூரின் டத்தோ கிராமாட்டில் குர்ஆன் மனப்பாடம் கற்பிக்கும் ஒரு தாபீஸ் பள்ளி விடுதியில் மாணவர்களும் விடுதிக் காப்பாளர்களுமாக 23 பேர் இறந்தார்கள்; வாசல் பக்கம் நெருப்பு இருந்தது, ஜன்னல்களில் இரும்பு கிரில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் கிரிலைப் பிடித்துக்கொண்டு கூவியதை அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். கும்பகோணத்தில் 2004ஆம் ஆண்டு 94 குழந்தைகளை இழந்ததைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டோம். அது கூரைக்கீற்று, குறுகலான படிக்கட்டு. பொருள்தான் மாறுகிறது.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். கேக் வெட்டி முடிந்ததும் எழுந்து, 'கெலுவார்', அதாவது வெளியேறும் வழி, என்ற பச்சை விளக்கு எரியும் இடங்களைத் தேடினேன். ஒன்று நாங்கள் ஏறி வந்த படிக்கட்டு. இன்னொன்று மேடைக்கு இடப்புறம், அலங்காரத் துணிக்குப் பின்னால். துணியை விலக்கிப் பார்த்தால் கதவுக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கும் பின்னால், கதவின் கைப்பிடியில், சைக்கிளுக்குப் போடும் சங்கிலி சுற்றிப் பூட்டு தொங்கியது. அழைப்பில்லாமல் சாப்பாட்டுக்கு ஏறி வருகிறவர்களைத் தடுக்கவாம். அன்று முந்நூறு இலைக்குச் சொல்லியிருந்தோம். பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, சக்கர நாற்காலியில் மேடைக்கு முன்னால் இருந்தார். அவருடைய கொள்ளுப்பேரன்கள் மேடைப் படியில் பொறியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளரைத் தேடிப் போய், "அண்ணே, அந்தக் கதவக் கொஞ்சம் தெறந்து வைங்க" என்றேன். அவர் நல்ல மனிதர், வாதாடவில்லை. இருவருமாக நாற்காலிகளை நகர்த்தினோம், சாவி தேடப் பத்து நிமிடம் ஆனது. இயந்திரக்காரத் தம்பிதான் ஒப்புக்கொள்ளவில்லை. இது குளிர்ந்த பொறி, கையை வைத்தாலும் சுடாது என்றார். எட்ட விழும் பொறி சுடாமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அது காற்றில் எரியும் டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகத் துகள், அது புறப்படும் வாய்க்கருகில் நல்ல சூடு இருக்கிறது, அந்த வாயிலிருந்து அலங்காரத் துணி ஒரு முழம்கூட இல்லை. இதை அந்த இரைச்சலில் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மணமக்கள் விடைபெறும்போது மறுபடி இயக்கப்போவதாகச் சொன்னதால், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பு உருளையை வைத்துக்கொண்டு அந்தக் கதவருகே நின்றேன். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அம்மாவுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது.

வரும்போது சுவரிலிருந்து பெயர்ந்து தரையில் கிடந்த ஒரு துண்டு ஸ்பாஞ்சை, மேலாளரிடம் சொல்லிவிட்டே, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை அதை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலிடுக்கில் அழுத்திப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இது பொதி கட்டும் சரக்கு, மருந்து சேர்க்காதது என்றார். பிறகு அதே பின்சந்து, அதே குறடு. வாளியில் மணல் புதிது. இந்த முறை நான் பற்றவைத்தேன், அவர் எண்ணினார். ஆறு என்று சொல்லும்போது சுடர் குறட்டைத் தொட்டுவிட்டது. ஒன்பதில் நான் அதை மணலில் போட்டேன். துளிகள் மணலிலும் எரிந்தன. ஸ்பாஞ்சின் முதுகில் ஒட்டியிருந்த பசையும் தனியாகச் சீறி எரிந்ததை அப்பா எனக்குக் காட்டினார். அவருக்கு எழுபத்தாறு வயது. அந்த ஒன்பது வினாடிக்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் பிடித்து மேலாளருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மாலை அழைத்தார், மண்டப உரிமையாளரும் கூட இருப்பதாகச் சொன்னார். கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்தேன். ஸ்பாஞ்சு முழுவதையும் உரிக்க வேண்டும், பசையையும் சுரண்ட வேண்டும், வெறும் உரித்தலோடு விடக்கூடாது என்று அப்பா சொன்னார். எதிர்வீட்டுக்காரர்களுக்காக ஜிப்சம் பலகையும் ராக்வூலும் வைத்தால் என்ன ஆகும் என்று அட்டையின் பின்பக்கத்தில் சதுர அடிக் கணக்குப் போட்டுச் சொன்னார். தொகையைக் கேட்ட உரிமையாளர் அதை இப்போது செய்ய முடியாது என்றார். கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. உரிப்பதற்கு மட்டும் சம்மதம், ஆனால் அதற்குக் கூலி கொடுக்க வழியில்லை என்றார்.

அடுத்த விருந்து எப்போது என்று அப்பா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றார்கள். அப்படியானால் சனிக்கிழமை காலை எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டு அகலச் சுரண்டிகள், ஏணி, இருபது சாக்குப் பைகள் எல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டன. வேலையாட்கள் இருவர் எட்டு மணிக்கு வருகிறார்கள்.